விறைப்புக் குறைபாட்டுச் சிகிச்சையில் கைபேசிச் செயலி: எதற்கு உதவும், எங்கே சறுக்கும்

விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்ட ஆண்களில் பலர் இரண்டாம் முறை மருத்துவரிடம் போவதே இல்லை. முதல் முறை போவதற்கே மனசைக் கெட்டிப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடலூரிலிருந்து பஸ் ஏறி, புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காலையிலேயே வரிசையில் நின்று, உள்ளே போனால் பேசக் கிடைப்பது சில நிமிடம். 'சரியா வரல டாக்டர்' என்பதற்கு மேல் வாய் எழாது. செயலி கைகொடுப்பது இங்கேதான். ஒரு ஓ.பி.க்கும் அடுத்த ஓ.பி.க்கும் நடுவில் நடப்பதைக் குறித்துவைக்கலாம், பயிற்சியை விடாமல் செய்யலாம், மாத்திரையை முறைப்படி சாப்பிடலாம். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் அதன் வேலை இல்லை.

ஏன் மருத்துவர்தான் முதலில் என்றால், ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் உள்விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். ரத்தக்குழாய் கெடத் தொடங்கினால் சின்னக் குழாய் முதலில் காட்டிக்கொடுக்கும். மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே விறைப்பு குறைவது இதனால்தான். அதனால் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். ஆசையே குறைந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் சேர்த்து. அந்த ரத்தத்தைக் காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் திரும்பப் பார்க்க வேண்டும். நெய்வேலியிலோ கடலூர் சிப்காட்டிலோ இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக லேபுக்குப் போனால் அளவு தவறாக வரலாம். ஷிஃப்ட் வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில பி.பி. மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கும். அவற்றைத் தானாக நிறுத்தாமல், பெயர்களைச் செயலியில் எழுதிக் காட்டினால் மாற்று உண்டா என்று மருத்துவரே பார்ப்பார்.

செயலியையே சிகிச்சையாகத் தரும் நாடும் இருக்கிறது. ஜெர்மனியில் 'கிரானஸ் எடெரா' என்ற செயலியை மருத்துவர் சீட்டில் எழுதுகிறார், காப்பீடு பணம் கட்டுகிறது. 241 ஆண்களை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வில் அதைப் பயன்படுத்தியவர்களின் விறைப்பு மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. உள்ளே இருப்பவை இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, நடை போன்ற உடற்பயிற்சி, மனத்தைத் தளர்த்தும் பயிற்சி, பாலியல் பற்றிய விளக்கம். தொடர்ந்து செய்யவைப்பதுதான் அதன் பலம். நம் கையில் இருக்கும் சாதாரண டைமர், நடை எண்ணும் செயலி, மாத்திரை நினைவூட்டி, குறிப்பேடு நான்கையும் சேர்த்தால் இதில் பெரும்பகுதியைச் செய்துகொள்ள முடியும்.

தொடங்கும் நாளில், விறைப்பை அளக்கும் ஐஐஇஎஃப்-5 கேள்வித்தாளை நிரப்புங்கள். ஐந்து கேள்வி, மொத்தம் 25. 22–25 குறைபாடு இல்லை, 17–21 லேசானது, 12–16 லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில், 8–11 நடுத்தரம், 5–7 கடுமையானது. இது கேட்பது கடந்த 6 மாதத்தைப் பற்றி. இதை வாராவாரம் நிரப்பச் சொல்லும் செயலி கேள்வித்தாளையே தப்பாகப் பயன்படுத்துகிறது. எண் ஏறுவதும் இறங்குவதும் அர்த்தமில்லாதது. இன்னொரு சிக்கல், உறவுக்கு வாய்ப்பே இல்லாதவருக்கும் மதிப்பெண் தாழ்ந்துதான் வரும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்து ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தவர் 8 வாங்கினால் அது நோயின் அளவு ஆகாது. அவர்கள் மருத்துவரிடம் எண்ணைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்ணைவிடக் குறிப்புதான் மருத்துவருக்கு உதவும். காலை எழும்போது விறைப்பு இருந்ததா என்று தினமும் ஒரு டிக். தனியாக இருக்கும்போதும் காலையிலும் நன்றாக வந்து, மனைவியோடு மட்டும் வரவில்லை என்றால் ரத்தக்குழாயைவிட மனப்பதற்றமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சிகிச்சையின் திசையே மாறும். உறவுக்கு முயன்ற நாளில் மாத்திரை எத்தனை மணிக்கு, என்ன சாப்பாடு எப்போது, மது உண்டா, தூக்கம் எப்படி, கெட்டித்தன்மை எவ்வளவு என்று எழுதுங்கள். கெட்டித்தன்மைக்கு 1 முதல் 4 வரை: பெரிதாகிறது ஆனால் கெட்டியில்லை என்றால் 1; கெட்டி, ஆனால் நுழையப் போதாது என்றால் 2; நுழையப் போதும், முழுக் கெட்டி இல்லை என்றால் 3; முழுக் கெட்டி என்றால் 4.

இதை மறுநாள் காலையில் எழுதுங்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். முடிந்த கையோடு போனை எடுத்து மார்க் போடுகிறவர், அடுத்த முறை உறவின் நடுவிலேயே தன்னைத் தானே வேடிக்கை பார்க்கத் தொடங்குவார். அந்தக் கவனிப்பே அட்ரினலினைக் கிளப்பி விறைப்பைக் கெடுக்கும். குறிப்பேடு பதற்றத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்தால் இரண்டு வாரம் அதை விட்டுவிட்டு, உறவு வேண்டாம், தொடுதல் மட்டும் என்று மனைவியோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.

'மாத்திரை வேலை செய்யல' என்பதில் பெரும்பாலும் மாத்திரையின் தவறு இருக்காது. விறைப்புக்குத் தரும் மாத்திரைகளில் சில்டெனாஃபில் வழக்கமாக 50 மி.கி.யில் தொடங்கும், உறவுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம் முன். பிரியாணியோ பரோட்டா சால்னாவோ சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். டடாலாஃபிலுக்கு உணவு தடையில்லை, ஆனால் சுமார் 2 மணி நேரம் விட வேண்டும். 36 மணி நேரம் வரை பலன் இருக்கும். தினமும் 5 மி.கி. எழுதியிருந்தால் ஒரே நேரத்துக்கு நினைவூட்டி வையுங்கள், உறவு நாளோடு அதை இணைக்காதீர்கள். இரண்டுமே தூண்டுதல் இல்லாமல் வேலை செய்யாது. மாத்திரை போட்டுவிட்டு டி.வி. முன் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. மருத்துவர் சொன்ன அளவில், சரியான முறையில், குறைந்தது 6 முறையாவது முயன்ற பிறகே தோல்வி என்று சொல்லலாம். இந்த ஆறு பதிவையும் செயலியில் காட்டினால் அளவைக் கூட்டுவதா மருந்தை மாற்றுவதா என்று அவரால் அங்கேயே முடிவெடுக்க முடியும். புதுச்சேரியில் மது சுலபமாகக் கிடைக்கிறது. ஒரு அளவுக்கு மேல் போனால் மாத்திரையையும் மீறி விறைப்பு விழும், தலைசுற்றலும் வரும்.

நினைவூட்டிச் செயலியில் வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஏற்றுங்கள். குறிப்பாக நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட். அது நைட்ரேட் வகை மருந்து. சில்டெனாஃபில், டடாலாஃபிலோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு விழும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும் டடாலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கூடாது. இடையில் நெஞ்சுவலி வந்தால் 108ஐ அழைத்து, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் இரவு எந்நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இடுப்புத் தளப் பயிற்சிக்கு டைமர் செயலி போதும். காற்று வெளியேறாமல் அடக்கும்போது இறுகும் தசை அது. சரியாக இறுக்கினால் ஆணுறுப்பின் அடிப்பகுதி உள்ளே இழுக்கும், விதைப்பை சற்று மேலே எழும். கண்ணாடி முன் நின்றால் தெரியும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. 5 விநாடி இறுக்கம், 10 விநாடி தளர்வு, 10 தடவை; காலையில் படுத்து, மதியம் உட்கார்ந்து, இரவில் நின்று. பழகியபின் இறுக்கத்தை 10 விநாடிக்கு நீட்டலாம். பலர் தளர்த்தாமலே அடுத்த இறுக்கத்துக்குப் போகிறார்கள். தசை எப்போதும் இறுகியே இருந்தால் அடிவயிற்றில் வலி வரும், விந்து முந்துதலும் கூடலாம். அதனால் தளர்வுக்கும் ஒலி எழுப்பும் டைமராகத் தேர்ந்தெடுங்கள். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். 3 மாதம் செய்யாமல் பலன் இல்லை என்று சொல்ல முடியாது.

நடைக்கு வாரம் 4 நாள், 40 நிமிடம், மூச்சு வாங்கும் வேகம். புதுச்சேரி கடற்கரைச் சாலையோ கடலூர் சில்வர் பீச்சோ, எங்கே என்பது முக்கியமில்லை. செயலியில் அடி எண்ணிக்கையைவிட நிமிடத்தையும் வேகத்தையும் பாருங்கள்.

விந்து முந்துதலுக்கு ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளாதீர்கள். தோராயமாக ஒரு நிமிடமா மூன்று நிமிடமா என்ற அளவு போதும். விந்து வரப்போகும் நேரத்தில் தூண்டுதலை நிறுத்தி, அடங்கியபின் தொடரும் முறையை முதலில் தனியாகப் பழகி, எத்தனை முறை நிறுத்த முடிந்தது என்பதை மட்டும் குறியுங்கள்.

இனி செயலியைத் தேர்ந்தெடுப்பது. வாட்ஸ்அப் லிங்கில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு) தொடவே வேண்டாம். மாத்திரை நினைவூட்டிக்குத் தொடர்பு எண்களும் படங்களும் எதற்கு? கேட்டால் நீக்கிவிடுங்கள். அந்தரங்கப் படம் கேட்டு, பிறகு பணம் கேட்டு மிரட்டினால் பணம் அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். ஐந்து கேள்வி கேட்டுவிட்டு உடனே 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி லேகியம் விற்கும் செயலி, லாட்ஜில் ரூம் போட்டு மருந்து விற்பவரின் புதுக் கடைதான். ஆண்மைக் குறைவைத் தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மூலிகை என்று விற்ற பொருள்களில் சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சார்பிட்ரேட் சாப்பிடுகிறவர் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். போன் வீட்டில் எல்லோர் கையிலும் போகும் என்பதால் செயலிக்குத் தனிப் பூட்டு போடுங்கள், பூட்டுத் திரையில் அறிவிப்பு தெரியாமல் மறையுங்கள், நினைவூட்டிக்கு 'இரவு மாத்திரை' என்று பெயர் வையுங்கள்.

வீடியோவில் மருத்துவரைப் பார்ப்பது சட்டப்படி சரிதான். 2020ஆம் ஆண்டு டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி சீட்டில் அவர் பதிவு எண் இருக்க வேண்டும், நோயாளி பெயரை மறைத்துப் பார்க்க முடியாது, செயற்கை நுண்ணறிவு தானாக மருந்து எழுதக் கூடாது. அரசின் இ-சஞ்சீவனி தளத்தில் இலவசமாகவே ஆலோசனை கேட்கலாம். ஆனால் முதல் பரிசோதனையையும் ரத்தப் பரிசோதனையையும் நேரில் முடித்தபின், தொடர் ஆலோசனைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். 12 வாரம் ஆனபின் கெட்டித்தன்மை எண் அசையவில்லை என்றால் குறிப்புகளை ஒரே பக்கமாக அச்செடுத்து யூராலஜி பிரிவுக்குப் போங்கள். வெற்றிடக் கருவி, ஆணுறுப்பில் போடும் ஊசி, அறுவை செய்து வைக்கும் உள்வைப்பு என்று மாத்திரைக்கு அடுத்த படிகள் அங்கே இருக்கின்றன. மனைவியையும் கூட்டிப் போனால் எது ஒத்துவரும் என்பதை இருவருமாகச் சேர்ந்து கேட்டு முடிவெடுக்கலாம்.