எட்ஃபுவின் மேற்கு மதில்

நைல் நதிக் கப்பல் பயணங்களுக்கு குரூப் அழைத்துப் போகும் டூர் மேனேஜர் வேலை என்னுடையது. எகிப்தில் கோயிலுக்குள் விளக்கம் சொல்வது உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளின் பொறுப்பு. ஆள் எண்ணுவது, டிக்கெட், சாப்பாடு, கப்பல் கிளம்பும் நேரம் எல்லாம் என்னுடையது. வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதைப் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்வதும் என் தலையில்தான் விழும். அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் எட்ஃபுவின் மேற்கு மதிலுக்கு வந்து சேர்ந்தேன்.

கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் முடித்த கோயில் அது. ஹோரஸ் என்ற எகிப்தியக் கடவுளுக்கு உரியது. படகுத்துறையிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கும் கூட்டம் நேராகக் கருவறைக்குப் போகும். அங்குள்ள கருங்கல் மாடத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். கோயிலுக்கும் சுற்றுமதிலுக்கும் நடுவே ஒரு நடைவழி இருக்கிறது. அதன் மேற்கு மதிலின் உட்புறத்தில், ஒரு நாடகத்துக்கான வசனங்களும் காட்சிகளும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

கதை எளிது. தன் தந்தை ஒசைரிஸைக் கொன்ற சேத்தை ஹோரஸ் வேட்டையாடுகிறான். சேத் நீர்யானை உருவத்தில் இருக்கிறான். படகிலிருந்து ஹோரஸ் ஈட்டி எறிய, தாய் ஐசிஸ் படகு முனையில் மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். ஈட்டிகள் மொத்தம் பத்து. முதலாவது மூக்கில் பாய்கிறது, அடுத்தது நெற்றியில், அப்புறம் கழுத்தில். ஆனால் நீர்யானையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு சின்னது. கோயில் சுவரில் செதுக்கிய உருவத்துக்கு உயிர் வரும் என்று நம்பியவர்கள், எதிரியைப் பெரிதாகச் செதுக்குவார்களா? கடைசிக் காட்சியில் ஒருவன் கத்தியோடு நிற்கிறான். நீர்யானை வடிவில் செய்த பலகாரத்தை வெட்டுகிறான். பக்கத்திலேயே பூசாரி ஒருவர் ஏட்டை விரித்து வாசிக்கிறார்.

ஒருமுறை, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: “இதெல்லாம் யார் பாக்கறதுக்காக நடத்தினாங்க தம்பி?” பல நாள் எனக்குள் ஓடிய கேள்வி அது. வசனத்துக்கு நடுநடுவே “விடாதே ஹோரஸ், இறுகப் பிடி!” என்ற முழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. அதைச் சொல்கிறவர்களும் அந்த வேட்டையில் ஒரு கை கொடுக்கிறார்கள். வெட்டுகிறவன் வெட்ட வேண்டும், வாசிக்கிறவர் வாசிக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதில் இடமே இல்லை என்பதுதான் என் எண்ணம். இது நாடகம்தானா, சடங்கா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. லிவர்பூல் பேராசிரியர் ஃபேர்மன் நாடகம் என்றே அடித்துச் சொன்னார். எனக்கு அந்த வாதத்தில் பெரிய அக்கறை இல்லை. பலகாரம் வெட்டுப்பட்டால் எதிரி வெட்டுப்பட்டான் என்று அந்த மனிதர்கள் மனதார நம்பினார்கள். அதற்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன?

இப்படித் தெய்வக் கதையைச் சடங்காக நடத்தியதற்கு இன்னும் பழைய ஒரு சாட்சி பெர்லினில் இருக்கிறது. இகெர்நோஃப்ரெத் என்ற கருவூல அதிகாரியின் கல்வெட்டு. சுமார் 3,850 ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் செனுஸ்ரெத் மன்னர் அவரை ஒசைரிஸின் புனிதத் தலமான அபிடோஸுக்கு அனுப்பினார். நூபியாவிலிருந்து கொண்டுவந்த பொன்னால் ஒசைரிஸை அலங்கரிக்கச் சொன்ன அரசாணையும் அதே கல்லில் இருக்கிறது. ‘உனக்கு 26 வயதாக இருக்கும்போதே உன்னை அரசவைத் தோழனாக்கினேன்’ என்று மன்னர் அதில் நினைவுபடுத்துகிறார். அதற்குப் பிறகு வருவது முழுக்க ஓர் அதிகாரியின் பணி அறிக்கை. பூசாரிகளுக்கு அவரவர் கடமையைச் சொல்லிக்கொடுத்தேன், ஊர்வலத்தை நடத்தினேன், ஒசைரிஸின் நெஷ்மெத் என்ற புனிதப் படகைத் தாக்க வந்தவர்களை விரட்டினேன், நெதித் மணல்திட்டில் ஒசைரிஸின் பகைவரை வீழ்த்தினேன் என்று வரிசையாகப் போகிறது. தெய்வத்தின் ‘அன்பு மகன்’, அதாவது ஹோரஸின், இடத்தில் நின்றவரும் அவர்தான். மகனைப் போல் நடித்தேன் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை, செய்தேன் என்றுதான் எழுதுகிறார். ஒசைரிஸ் கொல்லப்பட்ட தருணத்தைப் பற்றி மட்டும் கல்லில் ஒரு சொல் கிடையாது. சடங்கில் வாயால் சொன்னது நடந்துவிடும் என்றால், அதை யார் எழுதுவார்கள்?

ஐசிஸும் அவள் சகோதரி நெஃப்திஸும் ஒசைரிஸுக்காகப் பாடும் ஒப்பாரிகளும் பாப்பிரஸ் சுருளில் மிஞ்சியிருக்கின்றன. பாடப்போகும் இரண்டு பெண்களை எப்படித் தயார்செய்ய வேண்டும் என்ற குறிப்பு அதிலேயே உண்டு. உடல் முடியை மழித்திருக்க வேண்டும், தலையில் பொய்முடி, கையில் பறை போன்ற ஒரு சிறு தோல்வாத்தியம், தோளில் அந்தந்த தேவியின் பெயர். இதை நான் சொன்னதும் குரூப்பிலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒப்பாரி என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்போதெல்லாம் எட்ஃபுவுக்கு வந்தால் வழிகாட்டியிடம் முதலிலேயே பேசிவிடுகிறேன். கருவறையில் படம் எடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்து மேற்கு மதிலுக்கு ஒதுக்கச் சொல்கிறேன். ஐசிஸ் கயிற்றைப் பிடித்திருக்கும் இடத்தில் எல்லோரையும் நிறுத்தி, நீர்யானை எங்கே என்று கேட்பேன். அதைக் குழந்தைகள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.