பீரோ நெறைய பஞ்சு

100 கிராம் பஞ்சு வாங்கறதுக்கு ஃபோன்ல ரெண்டு நிமிஷம் போதும், அதுலயும் ஒரு நிமிஷம் ஓடிபி வரதுக்கு. அதே 100 கிராம நூலாக்கணும்னா என்ன ஆகும்னு ஒரு நாள் தூக்கம் வராம கணக்கு போட்டு பாத்தேன். மில்லு கணக்குல பத்தாம் நம்பர் நூல்னா ஒரு பவுண்டு எடையில 840 கெஜ சிட்டம் (சுத்தி கட்டுன நூல் கட்டு) பத்து இருக்கணும், அதாவது 8,400 கெஜம். 100 கிராமுக்கு கொண்டு வந்தா கிட்டத்தட்ட 1,700 மீட்டர். தக்ளியில, அதாவது கையால சுத்தி நூல் நூக்கற சின்ன கம்பியில, எனக்கு மணிக்கு நூறு மீட்டர் வந்தாலே பெரிய விஷயம், ஆக பதினேழு மணி நேரம், அதுக்கப்புறம் ரெண்டு இழைய சேத்து எதிர்ப்பக்கமா முறுக்கணும், வேக வெக்கணும், காய வெக்கணும், உருண்டையா சுத்தணும், அப்புறம்தான் ஊசியில ஏத்தி பின்னவே ஆரம்பிக்கலாம். ஆபீஸ் போய்ட்டு வந்து, சமையல் முடிச்சு, பொண்ணோட ஹோம்வொர்க் பஞ்சாயத்தையும் முடிச்சா ராத்திரி அரை மணி நேரம் கெடைக்கறதே அதிசயம். ஆக வாங்கற ஸ்பீடும் நூக்கற ஸ்பீடும் எந்த ஜென்மத்துலயும் சேராது. ஸ்டாஷ், அதாவது வாங்கி சேத்து வெச்ச பஞ்சு குவியல், வளருதுன்னா அது என் கொணத்துல இருக்கற கோளாறு இல்ல, கணக்கே அப்படி. இத வீட்ல சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், நான் பெரம்பூர்ல இருக்கேன், பொழுதுபோக்குக்கு கையால நூல் நூக்கறேன், அந்த நூல்லயே பின்றேன். ஒத்த கொக்கி ஊசியால பின்ற குரோஷா இல்ல, ரெண்டு ஊசி நிட்டிங். குரோஷாவுக்கு நம்ம ஊர்ல பெரிய கூட்டமே இருக்கு, 2016 ஜனவரியில சென்னையில மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குரூப் 11 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல வர போர்வைய சேத்து வெச்சு கின்னஸே வாங்குனாங்க. நிட்டிங்னா ஆள் கம்மி. அதுலயும் நூலையே நானே நூக்கறேன்னு சொன்னா "என்னங்க காந்தி கட்சியா"ன்னு கேக்கறாங்க.

எங்கம்மாவுக்கு மட்டும் இதுல ஆச்சரியமே இல்ல. அவங்க படிச்ச ஸ்கூல்ல கைத்தொழில் பீரியட்ல தக்ளி இருந்துச்சாம், ஆதாரக் கல்வின்னு அப்ப பேரு. என் கையில இருந்தத வாங்கி, கொட்டாங்கச்சிய பக்கத்துல இழுத்து வெச்சுட்டு, சீரியல் விளம்பர இடைவேளையில ஒரு முழம் இழைய சரசரன்னு இழுத்துட்டாங்க. நான் யூடியூப் பாத்து மாசக்கணக்கா தடவிட்டு இருந்த வேலை அது. "நீ பஞ்ச புடிக்கற, அத விடணும்டி"ன்னு ஒரு கமெண்ட் வேற.

தக்ளின்னா பெருசா ஒண்ணுமில்ல, ஒரு ஜாண் கம்பி, கீழ ஒரு சின்ன பித்தள வட்டு, மேல ஒரு கொக்கி. அடி நழுவாம இருக்க கொட்டாங்கச்சியில நிறுத்தி வலது கையால ஒரு சொடுக்கு, இடது கையில பஞ்சுத் திரி. சொடுக்குனதும் முறுக்கு இழையில ஏறி வரும், அது பஞ்ச தொடற எடம் ஒரு சின்ன முக்கோணமா விரிஞ்சிருக்கும், அந்த முக்கோணம் கலையறதுக்குள்ள கைய பின்னாடி இழுத்துட்டே போகணும். அவசரப்பட்டா அறுந்துரும், யோசிச்சா முறுக்கு பஞ்சுக்குள்ள பூந்து கட்டியா நின்னுரும். ஆனா இதுல ஒரு அழகு இருக்கு. மொதல்ல இழை மேடும் பள்ளமுமாத்தான் வரும், மெல்லிசான எடத்துல முறுக்கு மொதல்ல போய் உக்காந்து அத இறுக்கிரும், தடிச்ச எடம் முறுக்கு கம்மியா லூசா இருக்கும், அதனால இன்னும் கொஞ்சம் இழுத்தா தடிச்ச எடம் மட்டும் நீண்டு மத்ததோட சமமாயிரும். கண்ணு முன்னாடியே அந்த முடிச்சு கரையறத பாக்கறதுக்காகவே நான் நூக்கறேன்னு கூட சொல்லலாம். ராட்டையும் இருக்கு, மூடுனா ப்ரீஃப்கேஸ் சைஸ்ல வர பெட்டி ராட்டை, வேகம் அதுலதான், ஆனா தக்ளிய ஹேண்ட்பேக்ல போட்டுட்டு போலாமே. ஒரே நேரத்துல பல நூல்கதிர் ஓடற அம்பர் ராட்டையும் இருக்கு, அத கண்டுபுடிச்சது ஏகாம்பரநாதன்னு நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான், அவர் பேர்ல இருந்துதான் அம்பர். அத வாங்க வீட்ல எடமில்ல, வாங்குனா எனக்கும் எடம் இருக்காது.

சென்னையில இந்த வேலைக்கு பெரிய எதிரி ஃபேன். மே மாசத்துல ஃபேன் போடாம உக்கார முடியாது, போட்டா திரி பறந்து மூக்குல ஏறும். ஏசி போட்டா காத்து காஞ்சு போய் இழை சும்மா சும்மா அறுந்துரும். இதுக்கு காரணம் சொன்னது கீழ் வீட்டு தாத்தா, அவர் பி அண்ட் சி மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தவரு, 1996ல மில்ல மூடற வரைக்கும் வேலை பாத்தாராம். மில்லுக்குள்ள காத்துல ஈரம் கொறையாம இருக்க தண்ணிய பொடியா தெளிச்சுட்டே இருப்பாங்க, பருத்திக்கு ஈரம் பட்டா பலம் கூடும், காஞ்சா சண்டித்தனம் பண்ணும்னாரு. கோடையில நம்ம ஊர்ல மதியம் வரைக்கும் மேக்கால இருந்து அனல் காத்து, கடல்காத்து திரும்புனா பிசுபிசுன்னு ஒரு ஈரம் வரும் இல்ல, ஊரே திட்டற அந்த பிசுபிசுப்புதான் நூலுக்கு நல்லது. அதனால எனக்கு நேரம் சாயங்காலம், பால்கனி கதவ தெறந்து வெச்சு, ஃபேன் இல்லாம, வேர்வையோட.

நூத்த பருத்தி நூல வேக வெக்காம பின்னவே கூடாது, இத எத்தன பேர் கேட்டாலும் சொல்லுவேன். சிட்டமா சுத்தி நாலு எடத்துல லூசா கட்டி, பழைய எவர்சில்வர் குண்டான்ல கொஞ்சம் சலவை சோடா போட்டு கொதிக்க விட்டா, வெள்ளை நூல்ல இருந்து தண்ணி அப்படியே தேத்தண்ணி கலர்ல எறங்கும். பருத்தி மேல இயற்கையாவே இருக்கற மெழுகும் அழுக்கும் அது. மெழுகு போனாதான் நூல் தண்ணிய குடிக்கும், சாயம் ஏறும், முறுக்கும் அடங்கும். இல்லன்னா பின்ற துணி ஒரு பக்கமா கோணிக்கிட்டு போகும்.

சரி ஸ்டாஷுக்கு வரேன். பீரோவுல கீழ் ரெண்டு தட்டு, லாஃப்ட்ல ரெண்டு பழைய சூட்கேஸ், கட்டிலுக்கு அடியில ஒரு டப்பா. கருங்கண்ணி இருக்கு, கோவில்பட்டி பக்கம் கரிசல்ல வர நம்ம நாட்டுப் பருத்தி, இழை ஒரு இன்ச் இருந்தாலே அதிகம், ஆனா லேசா மொறமொறன்னு கைக்கு அடங்கி வரும். அதுக்கு நேர் எதிர் சுவின், கோயம்புத்தூர்ல சுஜாதா ரகத்தையும் செயிண்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்து 1974ல வெளியிட்ட பருத்தி, ஒன்றரை இன்ச் வரைக்கும் நீளம், தொட்டா பட்டுதான். இத முழுசா நூக்க மனசே வரல, எடுத்து தடவிட்டு திரும்ப உள்ள வெச்சுடறேன். அசாம்ல இருந்து எரி பட்டு இருக்கு, ஆமணக்கு எலை தின்னு வளர புழுவோடது, அந்த கூடு ஒரு பக்கம் தெறந்தே இருக்கறதால மத்த பட்டு மாதிரி ஒரே இழையா உருவ முடியாது, பஞ்சு மாதிரி நூத்துதான் ஆகணும், அதான் என்ன மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப புடிக்கும். அப்புறம் கம்பளி. ஊட்டி சித்தி பையன் மூலமா வந்த நீலகிரி ஆட்டு கம்பளி கொஞ்சம், தென்னிந்திய ஆடுகள்ல சன்னமான கம்பளின்னா அதுதான். கூடவே ஆசைப்பட்டு வாங்குன டெக்கானி, தக்காணத்து ஆட்டு கம்பளி, அது கொஞ்சம் இல்ல, மூட்டை.

இதெல்லாம் பத்தாதுன்னு அம்மா ஒரு பழைய தலகாணிய பிரிச்சு "இந்தா, காசு குடுத்து வாங்கறியே, வீட்லயே இருக்கே"ன்னு கொட்டுனாங்க. இலவம்பஞ்சு. பருத்தி நாரு காயும்போது ரிப்பன் மாதிரி தட்டையாகி தானா முறுக்கிக்கும், அந்த முறுக்குதான் ஒண்ண ஒண்ணு கவ்வி நிக்கும். இலவம்பஞ்சு வழவழன்னு, உள்ள காத்தோட, ஒடஞ்சு ஒடஞ்சு போகும், தனியா நூலாவே நிக்காது. ஹால் பூரா பறந்ததுதான் மிச்சம், ரெண்டு நாள் கழிச்சு சாம்பார்ல கூட கெடைச்சுது.

வெச்சு காப்பாத்தறதுதான் இங்க நெஜமான வேலை. பருத்திக்கு பூச்சி பயம் அவ்வளவா இல்ல, பூசணம்தான் எமன், அதனால பிளாஸ்டிக் கவர்ல இறுக்கி அடைக்காம பழைய தலகாணி உறையில போட்டு வெக்கறேன், காத்து போய் வரணும். கம்பளிக்கு உல்டா. அந்துப்பூச்சியோட புழு திங்கறது கெரட்டின்ங்கற புரதத்த, அது கம்பளி பூரா இருக்கு, அதனால இறுக்கமா மூடற டப்பாதான், ஆனா கம்பளி தன் எடையில முப்பது சதவீதம் வரைக்கும் ஈரத்த குடிச்சாலும் கைக்கு காஞ்ச மாதிரியே தெரியும், அப்படியே மூடுனா உள்ள நாத்தம் புடிச்சுரும். வெயில்ல போட்டு சூடு ஆறுனப்புறம் மூடணும். புதுசா எந்த கம்பளி வந்தாலும் மொதல்ல ஃப்ரீசர். கவர்ல கட்டி ஒரு வாரம், மீன் வாங்கற ஞாயித்துக்கிழமைல எனக்கும் வீட்டுக்காரருக்கும் எட சண்டை நடக்கும். கூட வசம்பு, காஞ்ச வேப்பிலை துணியில முடிஞ்சு போடறேன், அத மட்டும் நம்பி விட மாட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தடவ எல்லாத்தையும் வெளிய எடுத்து ஒதறி பாக்கறதுதான் உண்மையான மருந்து.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க தெருவுல முழங்கால் தண்ணி. நாங்க ரெண்டாவது மாடி, ஒண்ணும் ஆகல, ஆனா கீழ் வீட்டு சாமானெல்லாம் மேல ஏத்தணும்னு கட்டிலுக்கு அடியில எடம் பண்ண என் டப்பாவ இழுத்தாங்க, அப்பதான் மொத்த குடும்பமும் ஸ்டாஷோட அளவ ஒரே எடத்துல பாத்துச்சு. கரெண்ட் இல்லாத அந்த நாள்கள்ல மெழுகுவத்தி வெளிச்சத்துல நூத்தது வேற, அது நல்லாவே இருந்துச்சு, ஆனா "இத்தனயா?"ங்கற வீட்டுக்காரர் கேள்வி இன்னும் ஓயல.

பின்றத பத்தி கொஞ்சம். என் ஊசி எல்லாம் போனி, அது நம்ம நீலகிரி கேத்தியில செய்யறது, வெளிநாட்டு பிராண்ட்னு ரொம்ப பேர் நெனச்சுட்டு இருக்காங்க. பருத்தி நூலுக்கு இழுப்பு கெடையாது, கம்பளி பின்ற ஆளு பருத்திக்கு வந்தா மணிக்கட்டு வலிக்கும், பெருசா பின்னா எடையில தொங்கும். அதனால நான் சின்னதா, சன்னமா, ஓட்டை ஓட்டையா லேஸ் பேட்டர்ன்ல மேல் துண்டுதான் பின்றேன், நம்ம வெயிலுக்கு அதான் சரி. கம்பளி எதுக்குன்னா, மார்கழியில காலங்காத்தால வாக்கிங் போற அப்பாக்களோட மங்கி குல்லாய நீங்க பாத்ததில்லையா? 22 டிகிரிக்கு ஊரே நடுங்குது. நான் பின்ன நீலகிரி குல்லா கீழ் வீட்டு தாத்தா தலையில இருக்கு. ட்ரெயின்ல லேடீஸ் பெட்டியில உக்காந்து பின்னா எல்லாரும் பாப்பாங்க, வழக்கமா ஏறற பூக்காரம்மா மட்டும் கனகாம்பரத்த வெரல்லயே கட்டிக்கிட்டு "இதுக்கு ரெண்டு ஊசி எதுக்கும்மா"ன்னு கேட்டாங்க. அவங்க வேகத்த பாத்தா கேள்வி நியாயம்தான்.

இனிமே வாங்கவே மாட்டேன்னு சபதமெல்லாம் எடுக்கறதில்ல, அது எடுபடாது. ஒரே ஒரு விதிதான் வெச்சிருக்கேன், வந்த வாரத்துக்குள்ள அதுல ரெண்டு முழமாவது நூத்து பாத்துடணும். பழைய கல்யாண பத்திரிகைய வெட்டி, ரகம், வந்த மாசம், எந்த ஊருன்னு எழுதி, அந்த ரெண்டு முழ இழைய அதுலயே சுத்தி மூட்டையோட கட்டிடுவேன். இதுல என்ன லாபம்னா, மூட்டைய பிரிக்காமயே அது என்னவா ஆகும்னு தெரியும், ரெண்டாவது, கை ஒத்துக்காததும் அந்த வாரமே தெரிஞ்சுரும், வருஷக்கணக்கா அடைகாக்க வேண்டாம். சுவினுக்கு அட்டை கட்டியாச்சு. எரிக்கு கட்டியாச்சு. டெக்கானிக்கு கட்டுனப்ப தெளிவாயிருச்சு, அது கம்பளத்துக்கும் தரை விரிப்புக்கும் உள்ள சரக்கு, கழுத்துல போட்டா சொறிஞ்சே புண்ணாயிரும். ஆடு மேய்க்கறவங்க போத்திக்கற கருப்பு கம்பளிக்கு அதான் வேணும், மழைக்கு தாங்கும், எனக்குத்தான் வேண்டாம்.

அதனால டெக்கானி மூட்டைய குடுத்துடலாம்னு இருக்கேன். தறி வெச்சு தரை விரிப்பு நெய்யறவங்க யாராவது உங்களுக்கு தெரிஞ்சா சொல்லுங்க, காசு வேண்டாம், பெரம்பூர் வந்து தூக்கிட்டு போனா போதும். பாதி கழுவுனது, பாதி கழுவாதது. கழுவாத மூட்டைய பஸ்ல கொண்டு போகாதீங்க, ஆட்டோ வெச்சுக்கோங்க.