3.34-இல் நின்றுபோன எண்

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஏழு ஆண்டுகளாக இருந்த, இன்வெர்ட்டருக்கான இரண்டு டியூபுலர் ஈய பேட்டரிகளைப் பொங்கல் முடிந்த கையோடு காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன். மாதந்தோறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுத் துடைத்து வந்தும், கடந்த கோடையில் அவை இரண்டு மின்விசிறிகளை நள்ளிரவு வரைகூட ஓட்டவில்லை. மாடியில் ஏற்கெனவே 335 வாட் பேனல்கள் நான்கு இருக்கின்றன. நல்ல வெயில் நாளில் அவை தரும் ஐந்து யூனிட்டில் பாதியையாவது இரவுக்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதற்காக, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் எட்டை வாங்கி நானே கோத்தேன்.

கடைகளில் இந்தப் பெயரைச் சொன்னாலே ஒரு குழப்பம் வருகிறது. ‘அயர்ன்’ என்பது இரும்பு. போன் பேட்டரியை ‘லித்தியம் அயான்’ என்பதில் வரும் ‘அயான்’ என்பது மின்னூட்டம் பெற்ற அணு. நம் வாயில் இரண்டும் ஒன்றுபோலவே வந்துவிடுவதால், ‘போன்ல இருக்கிறதுதானே சார், வெடிக்குமே’ என்று இரண்டு கடைக்காரர்கள் கேட்டார்கள். போனில் பெரும்பாலும் இருப்பது கோபால்ட் கலந்த வகை. இரும்பு பாஸ்பேட் வகையை 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப், ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசாமி ஆகியோர் அடங்கிய குழு வெளியிட்டது. இதில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் பிரிந்து வந்து தீக்குத் துணைபோவதில்லை. வேலூர் வெயிலில் வீட்டுக்குள் வைக்கப்போகும் பொருளுக்கு எனக்கு அதுவே முதல் தகுதியாகப் பட்டது.

ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.2 வோல்ட், எட்டைத் தொடராக இணைத்தால் 25.6 வோல்ட். கடைக்காரர்கள் நூறு ஏஎச் என்று சொல்லும் 100 ஆம்பியர்-மணிச் செல்கள் என்பதால், மொத்தச் சேமிப்பு 2,560 வாட்-மணி, அதாவது இரண்டரை யூனிட். செல்லின் அலுமினிய உறையிலும் மின்னழுத்தம் இருக்கக்கூடும் என்பதால், இடையிடையே ஃபைபர் தகடு செருகி, இரண்டு முனையிலும் பலகை வைத்து இறுக்கினேன். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிய பிறகும், மோதிரத்தைக் கழற்றாமல் அருகில் போகவில்லை.

எட்டுச் செல்களும் ஒரே மட்டத்தில் நிரம்பியிருந்தால்தான் தொடர் இணைப்பு ஒழுங்காக வேலை செய்யும். அதற்காக எல்லாவற்றையும் முதலில் பக்க இணைப்பில் கட்டி, 3.65 வோல்ட்டில் நிறுத்திய பவர் சப்ளையைக் கொடுத்தேன். முதல் நாள் இரவு மீட்டர் 3.34 காட்டியது. மறுநாள் காலையிலும் 3.34. அன்று மாலையும் அதே 3.34. சப்ளை பழுதோ என்ற சந்தேகத்தில் அழுத்தத்தை நான்கு வோல்ட்டுக்குத் திருப்ப விரல் குமிழ் வரை போய்விட்டது. பிறகுதான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். எட்டும் சேர்ந்து 800 ஆம்பியர்-மணி. வாங்கும்போது நாற்பது விழுக்காடுதான் நிரம்பியிருந்தன என்றால் 480 இன்னும் போக வேண்டும். பத்து ஆம்பியர் சப்ளையானாலும் மெல்லிய ஒயரிலேயே அழுத்தம் வீணாகி ஆறு ஆம்பியர்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆக, எண்பது மணி நேரம்! பழைய ஈய பேட்டரியில் 12.2 என்றால் பாதி, 12.7 என்றால் முழுமை என்று ஓரளவு படித்துவிடலாம். இந்தச் செல் இருபது விழுக்காட்டிலிருந்து தொண்ணூறு வரை 3.2-க்கும் 3.35-க்கும் இடையிலேயே நகர்கிறது, நிரம்பும் தறுவாயில்தான் திடீரென்று எழும்புகிறது. நான்கு வோல்ட்டில் விட்டுவிட்டு உறங்கப் போயிருந்தால் எட்டுச் செல்லும் கெட்டிருக்கும். ஒயரைத் தடிமனாக மாற்றினேன். அடுத்த முறை செய்பவர்கள் முதலில் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் மின்னணுப் பலகை) பொருத்தித் தொடராகவே நிரப்பிவிட்டு, கடைசித் துளிக்கு மட்டும் பக்க இணைப்புக்கு வருவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்வெர்ட்டரை இணைத்த கணத்தில் பிஎம்எஸ் அணைந்துவிட்டது. உள்ளே காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்ப இழுக்கும் மின்னோட்டத்தை அது ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொள்கிறது. பரணில் கிடந்த அறுபது வாட் குண்டு பல்பை இடையில் வைத்துச் சில நொடிகள் கழித்து நேரடியாக இணைத்தவுடன் சரியாகிவிட்டது.

எனக்கு அதிகம் வேலை வைத்தது ஐந்தாம் செல். நாற்பது ஆம்பியர் இழுக்கும்போது மற்றவை 3.24 காட்ட, அது மட்டும் 3.12 காட்டியது, சார்ஜ் ஏறும்போதோ மற்ற எல்லாவற்றையும்விட முந்திக்கொண்டு மேலே போனது. கெட்ட செல் வந்துவிட்டது, திருப்பி அனுப்ப வேண்டும் என்று பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் கெட்ட செல்லாக இருந்தால் லோடை நிறுத்தியதும் அது இவ்வளவு சீக்கிரம் மற்றவற்றோடு சேர்ந்துகொள்வானேன் என்று தோன்றியது. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் முனைகளை, செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரில் வைக்காமல் செல்லின் முனைக்கம்பியிலேயே வைத்துப் பார்த்தேன், 3.24 வந்தது. காணாமல்போன 0.12 வோல்ட் செல்லில் இல்லை, இணைப்பில் இருந்தது. நாற்பது ஆம்பியரில் அது மூன்று மில்லி ஓம் தடை. கிட்டத்தட்ட ஐந்து வாட் வெப்பம் ஒரு நட்டுக்கு அடியிலேயே எரிந்துகொண்டிருக்கிறது. விரலை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரிந்தது. கழற்றிப் பார்த்தால், அலுமினிய முனையின் மேல் மங்கலான ஆக்சைடு படலம். உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, துடைத்து, உடனே இறுக்கினேன். அதன் பிறகு எட்டும் ஐந்து மில்லி வோல்ட்டுக்குள் ஒன்றாக நிற்கின்றன. பாக்கி இணைப்புகள் எல்லாவற்றையும் அன்றே கழற்றித் தேய்த்ததால் இரவுச் சாப்பாடு பதினொரு மணிக்குத்தான்.

இருப்பை அறிய இப்போது வோல்ட்டைப் பார்ப்பதில்லை. நெகட்டிவ் கேபிளில் மின்னோட்டத்தை அளக்க உதவும் ஷன்ட் என்ற சிறு தடையைப் பொருத்தி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் மீட்டர் வைத்திருக்கிறேன். ஐந்நூறு வாட் ஹாலஜன் விளக்கை எரியவிட்டுச் சோதித்ததில் 97 ஆம்பியர்-மணி வந்தது. இன்வெர்ட்டரில் டியூபுலர் அமைப்பை நீக்கி, சார்ஜ் உச்சத்தை 27.6 வோல்ட்டில் நிறுத்தியிருக்கிறேன். செல் ஒன்றுக்கு 3.45, கொஞ்சம் குறைவாக நிரம்பினாலும் வெயில் காலத்தில் உச்சம் வரை நிரம்பிய நிலையில் நிற்க வேண்டியதில்லை.

பேட்டரியை மாடியில், பேனலுக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட அறையில் வைக்கத்தான் முதலில் எண்ணினேன். ஏப்ரலில் மூன்று நாள் வெப்பமானியைத் தொங்கவிட்டதில் பிற்பகல் இரண்டு மணிக்கு 46 டிகிரி வந்தது. இந்த ஊருக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. செல்லின் ஆயுளைத் தின்பது சூடுதான். அதனால் எல்லாம் பழைய இடத்துக்கே, மாடிப்படிக்கு அடிக்கே வந்தது. நீண்ட கேபிளைப் பேனல் பக்கம் விட்டேன். அங்கே 75 வோல்ட்டில் பதினெட்டு ஆம்பியர்தான் ஓடுகிறது, பேட்டரிப் பக்கம் அதே தொலைவை விட்டிருந்தால் ஐம்பதுக்கு மேல் ஓடி கேபிளிலேயே கரைந்திருக்கும். கத்திரி வெயிலில் அந்த மூலை 36 டிகிரியைத் தாண்டவில்லை. மின்விசிறிகள் விடியும்வரை ஓடின, காலை ஆறு மணிக்கு மீட்டரில் 31 விழுக்காடு மிச்சம் இருந்தது. அடுத்து ஃப்ரிட்ஜையும் இதில் சேர்க்கலாமா என்று பார்க்க, அது ஒரு நாளில் எத்தனை யூனிட் இழுக்கிறது என்பதை இந்த வாரம் அளந்துகொண்டிருக்கிறேன்.