'அசிமிலேட்': ஒரு சொல்லைப் பிடித்தால் ஒரு குடும்பமே வரும்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்கு ஆங்கிலச் சொற்களைப் படித்தபோது எனக்கு மிகவும் கைகொடுத்த சொல் 'அசிமிலேட்'. அதை வேரிலிருந்து படித்தால் பல சொற்கள் தாமாகவே புரியும்.

லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் ஒத்தது. 'அட்' என்ற முன்னொட்டுக்கு 'நோக்கி' என்று பொருள். சேர்ந்தால் 'ஒத்ததாக ஆக்குதல்'. சரி, 'அட்சிமிலேட்' என்று ஏன் வரவில்லை? பின்னால் நிற்கும் ஒலி, முன்னொட்டின் கடைசி மெய்யைத் தன்னைப் போலவே மாற்றிவிட்டது. மரம், கள் இரண்டும் சேர்ந்து 'மரங்கள்' ஆகும்போது மகர மெய் மாறுவதும் இந்த வகைதான். மொழியியலில் இந்த மாற்றத்துக்குப் பெயரே அசிமிலேஷன்!

அஃபர்ம், அனெக்ஸ், அரைவ், அட்ராக்ட் எல்லாவற்றிலும் அதே 'அட்' ஒளிந்திருக்கிறது. அவற்றின் எழுத்துக்கூட்டலில் மெய் ஏன் இரட்டிக்கிறது என்பது புரிந்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை. 'சிமிலிஸ்' பக்கம் போனால் சிமிலர், ஃபாக்சிமிலி, அப்புறம் ஜிஆர்இ பட்டியல்களில் தவறாமல் வரும் வெரிசிமிலிட்யூட், அதாவது உண்மை போலத் தோன்றும் தன்மை.

பொருளில்தான் கவனம் வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் 'அசிமிலேட்' உடல் சார்ந்த சொல். செரித்த உணவு உடலின் பகுதியாவதைக் குறித்தது. நம் பள்ளி அறிவியலில் படித்த 'தன்மயமாதல்' அதுவே. மனிதர்களுக்கு அதைப் பொருத்தும்போது சொல் கனத்துவிடுகிறது. 1879இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கிய கார்லைல் உறைவிடப் பள்ளியில் பூர்வகுடிக் குழந்தைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசத் தடை விதித்தார்கள். அந்தக் கொள்கைக்குப் பெயர் அசிமிலேஷன். இதைத் தெரிந்துகொண்டு வரலாற்றுப் பத்திகளைப் படித்தால் ஆசிரியரின் தொனி சட்டென்று பிடிபடும். இதற்கு மாறாக, 'இன்டகிரேட்' என்றால் தன் அடையாளத்தை விடாமலும் ஒரு சமூகத்தில் சேரலாம். ஜிஆர்இயில் ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், பழைய அடையாளம் கரைகிறதா இல்லையா என்ற குறிப்பை வாக்கியத்திலேயே தேடுங்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுபவர்களுக்கு இந்தச் சொல் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே வழியாக வரும். நாயை மட்டுமே அறிந்த குழந்தை ஆட்டையும் நாய் என்று அழைத்தால் அது அசிமிலேஷன். ஆட்டுக்கென்று மனத்தில் புது வகை ஒன்றை உருவாக்கிக்கொண்டால் அது அக்காமடேஷன். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.