தென்கடல் அடித்த நாளில் வடகடல்

பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ் ஏறியதும் அக்கா மகள் என் மடியைத் தாண்டி அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். "சித்தி, அந்தப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு அலை?"

ஒன்பது வயதுப் பிள்ளை. கேட்டது சரியான கேள்வி. ஆடி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. பாலத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளிக்கொண்டிருந்தது. வடக்கே பாக் விரிகுடாவில் சிற்றலைதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பாலமும் பாம்பன் தீவும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் தென்கடலை ஆண் கடல், வடகடலைப் பெண் கடல் என்பார்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது தென்கடல் அதை நேராக நெஞ்சில் வாங்கும், வடகடல் தீவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கத் தொடங்கினால் எல்லாம் தலைகீழ். அப்போது பெண் கடலைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆழம் குறைந்த கடல் என்பதால் அலை குட்டையாக, அடுத்தடுத்து எழும்பி படகைப் போட்டுக் குலுக்கும்.

அம்மாவும் அக்கா மகளுமாக நாங்கள் வந்தது குருசடைத் தீவுக்குப் போக. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் இருப்பதாகக் கணக்கு. பூங்காவாக அறிவித்தது 1986இல். அதில் ஒன்று குருசடை. பாம்பன் குந்துகால் படகுத்துறையிலிருந்து வனத்துறை படகில் கூட்டிப்போகிறார்கள். அடியில் கண்ணாடி பதித்த படகில் பவளப்பாறை பார்க்கலாம் என்று பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சு.

பாம்பனில் மாமா வீட்டில் தங்கினோம். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, நாற்பது வருஷமாக நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். காலையில் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் உட்கார்ந்து வலைக்குக் கண்ணி முடிந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "இன்னைக்குப் படகு விட மாட்டாக தாயி. எதுக்கும் போய்ப் பாத்துட்டு வாங்க."

அப்படியே ஆயிற்று. குந்துகாலில் கயிறு கட்டி, இன்று படகு இல்லை என்று எழுதிப் போட்டிருந்தது. குழந்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கும் ஏமாற்றம்தான். பக்கத்தில் விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கிறது. 1897 ஜனவரி 26இல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய அவர் கால் பதித்தது இந்தக் குந்துகாலில்தான். அதைச் சுற்றிவிட்டு வெளியே வந்தால் மாமா சைக்கிளில் நின்றுகொண்டிருந்தார். குழந்தையைக் கூட்டிக்கொண்டு கரை ஓரமாக நடந்தார். அங்கே நாங்கள் கேட்ட பாடத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

"நங்கூரம் போட்டுக் கிடக்குற வள்ளத்த எல்லாம் பாரு. மூக்கு எங்குட்டு இருக்கு?"

பிள்ளை கை நீட்டிக் காட்டினாள்.

"காத்து எங்குட்டு இருந்து வருது? கன்னத்துல படுதுல்ல, அந்தத் திசைதான். வள்ளம் காத்துக்கு நேரா மூக்க வச்சு நிக்கணும். இதுக எல்லாம் கோணிக்கிட்டு நிக்குதா? அப்ப அடியில நீவாடு இழுக்குதுன்னு அர்த்தம்."

நீவாடு என்றால் நீரோட்டம். மேலே காற்று ஒரு பக்கம் தள்ளும், அடியில் தண்ணீர் வேறு பக்கம் இழுக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். அப்புறம் தண்ணீரின் நிறத்தைக் காட்டினார். கலங்கி, சேறு கரைத்த மாதிரி இருந்தது. "படகு போனாலும் பவளத்தப் பாக்க முடியாது தாயி. கண்ணாடிக்கு அடியில கஞ்சித்தண்ணிதான் தெரியும்." அதைக் கேட்டதும்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. 'ஆபத்து, போகக் கூடாது' என்று நாங்கள் சொன்னபோது அடங்காத அழுகை, போனாலும் ஒன்றும் தெரியாது என்று காரணத்தோடு சொன்னதும் அடங்கிவிட்டது.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு எதுவும் ஏற்றவில்லையே என்று கேட்டேன். தொலைக்காட்சியில் 'பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். கூண்டு இல்லாத நாள் நல்ல நாள் என்றே நினைத்திருந்தேன். மாமா தலையாட்டினார். கூண்டு புயலுக்கும் காற்றழுத்தத் தாழ்வுக்கும் ஏற்றுவது. ஒன்றும் இரண்டும் தொலைவில் உருவாவதைச் சொல்லும், மூன்றும் நாலும் இந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை என்று சொல்லும். அப்படியே பத்து வரை ஏறி, பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று பொருள். ஆடிக் கச்சானுக்குக் கூண்டு கிடையாது. அது வருஷா வருஷம் வருகிற காற்று. அதற்கு ஹைதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையம் வெளியிடும் அலை உயர எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும், விசைப்படகுகள் கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுத்ததா என்று கேட்க வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: முதல் நாள் மாலை படகுத்துறைப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு, நாளைக்குக் கடல் எப்படி என்று நாலு பேரைக் கேளுங்கள். யாரும் சொல்ல மறுத்து நான் பார்த்ததில்லை.

காற்றுக்குப் பணிந்து நிற்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் கரையில் நிற்க வேண்டியதுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கும் காற்றுக் கட்டுப்பாடு இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழனியில் காற்று பலமாக அடித்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள், நாமும் முணுமுணுக்காமல் படியேறிவிடுகிறோம். கடற்கரையில் மட்டும் 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே, ஒரு ரவுண்டு விடுங்கண்ணே' என்று கெஞ்சுகிறோம். அன்றைக்கும் ஒரு குடும்பம் துறையில் அப்படிக் கெஞ்சிக்கொண்டிருந்தது. பணம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற ஊழியர் கடைசி வரை அசையவில்லை. அவருக்கு என் வணக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன் உத்தரகண்டில் அவுலிக்குப் போயிருந்தேன். 2,500 மீட்டருக்கு மேல் இருக்கும் பனிச்சரிவு. காலையில் பனி இறுகிக் கண்ணாடியாக வழுக்கும், மதிய வெயிலுக்குப் பிறகு குழைந்த சோறாகிக் காலை இழுக்கும். அங்கே மேலே போக நாற்காலி லிப்ட் இருக்கிறது. கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலி நமக்காக நிற்காது. குறித்த இடத்தில் நின்று, தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து, முழங்காலுக்குப் பின்னால் வந்து தொட்டதும் உட்கார வேண்டும். உடனே பாதுகாப்புக் கம்பியை இறக்க வேண்டும். துப்பட்டா, பை வார் எதுவும் தொங்கக் கூடாது. மேலே போனதும் எழுந்து விறுவிறுவென்று ஒதுங்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் வரும் நாற்காலி இடித்துத் தள்ளிவிடும். சொல்லிக்கொடுத்த பையன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நடுவழியில் பயப்படாதீர்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் பயப்படுங்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் கால்தான் ஞாபகம் வந்தது. அதற்குச் சில வருஷம் முன்னால் ஓர் ஏரியில் படகுச் சவாரி போனோம். ஊர் பெயர் வேண்டாம். சுற்றி முடித்துத் துறைக்கு வந்தாயிற்று, தண்ணீர் இடுப்பளவுதான். படகு சுவரைத் தொட்டதும் இருபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். படகு சரிந்து மறுபடி நிமிர்ந்ததில் அம்மாவின் வலது கால் படகுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. உயிர்காப்புச் சட்டைகள் ஒரு மூலையில் ஈரத்தோடு குவிந்து கிடந்தன. யாரும் எடுத்துத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் கேட்காததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் 45 பேர் இறந்த படகு விபத்திலும், விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் திரண்டதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். நாம் படித்த செய்திதான். படகில் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது.

அடுத்த நாள் மாமா சொன்னபடி வடகடலுக்குப் போனோம். ராமநாதபுரம் வந்து, தேவிபட்டினம் தாண்டி, தொண்டி போகும் வழியில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது, துடுப்புப் போடும் கயாக்கும் உண்டு. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால் காற்றும் குறைவு, கண்ணும் கூசாது. இந்தப் பக்கம் கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் வாய்க்கால் ஆழமே அவ்வளவுதான் என்பதால், வற்றத்தில் போனால் படகு தரை தட்டும். நாங்கள் போனபோது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அம்மா துறையில் நின்றுவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்கடி, நான் இங்கனயே உக்காந்துக்கிறேன்." படகோட்டி அண்ணன் ஒன்றும் வற்புறுத்தவில்லை. முதலில் குழந்தைக்கு உயிர்காப்புச் சட்டையைப் போட்டுவிட்டார். மூன்று கொக்கி, மூன்றையும் மாட்டி, வாரை இழுத்து இறுக்கினார். பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். சட்டை அவள் காது வரை ஏறிவிட்டது. "இது பெரியாளு சைஸு. தண்ணில விழுந்தா சட்டை மேல மிதக்கும், பிள்ளை கீழ போயிரும்." அதைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சின்னது ஒன்று கொண்டுவந்து மாட்டி, மறுபடியும் தூக்கினார். இந்தத் தடவை சட்டையோடு குழந்தையும் எழும்பினாள். "இப்பச் சரி."

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் ஒண்ணு குடுங்க தம்பி" என்றார்.

அண்ணன் அம்மாவை முந்தானையை இடுப்பில் செருகச் சொன்னார். என் துப்பட்டாவைப் பைக்குள் வைக்கச் சொன்னார், இன்ஜின் பக்கம் காற்றில் பறந்தால் விசிறியில் சுற்றிக்கொள்ளுமாம். அப்புறம் அம்மாவின் விரல்களைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்தார். அம்மாவும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேர்த்த கை வழுக்கினாலும் மணிக்கட்டு வழுக்காது. "அவசரமில்லம்மா. படகு மேல எந்திரிச்சு வரும், அப்ப நடுவுல கால வைங்க. ஓரத்துல மிதிக்க வேணாம்." படகு ஒருமுறை எழுந்து தாழ்ந்தது. அம்மா வைக்கவில்லை. இரண்டாவது முறையும் வைக்கவில்லை. அவரும் கையை விடவில்லை, பின்னால் நின்ற யாரும் சத்தம் போடவில்லை. மூன்றாவது முறை எழுந்தபோது கால் நடுவில் பதிந்தது. அம்மா உட்கார்ந்த பிறகுதான் அடுத்த ஆளை அழைத்தார்.

காட்டுக்குள் போன பாதியை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மனம் துறையிலேயே நிற்கிறது. மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தாற்போல் நின்றன. மீன்கொத்தி ஒன்று கூடவே வந்தது. வாய்க்கால் முடிந்து கடல் திறக்கும் இடத்தில் அண்ணன் இன்ஜினை அணைத்தார். ஒரு நாரைக் கூட்டம் இடப்பக்கம் எழும்பியது. எல்லாரும் எழப்போனோம். "உக்காந்துக்கிட்டே பாருங்க, படக நான் திருப்புறேன்" என்று துடுப்பால் தள்ளி, படகையே அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினார்.

திரும்பி வந்ததும் கயிற்றை இரண்டு பக்கமும் கட்டி முடிக்கும் வரை யாரையும் எழவிடவில்லை. பிறகு ஒவ்வொருவராக. அம்மா மூன்றாவதாக இறங்கினார். இந்தத் தடவை ஒரே எழுச்சியில் கால் வைத்துவிட்டார். கழற்றிய சட்டையைத் திண்ணையில் போட்டுவிட்டு நகரப்போன என்னை அண்ணன் கூப்பிட்டார். கொக்கியை மாட்டி, நிழலில் தொங்கவிட வேண்டுமாம். வெயிலில் கிடந்தால் துணி இற்றுப்போகும், மேலே உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு அமுங்கிப்போகும். அக்கா மகள் தன் சட்டையின் மூன்று கொக்கிகளையும் மாட்டி, எட்டாத ஆணிக்கு எக்கிக்கொண்டு நின்றாள். அம்மா போய் வாங்கி மாட்டிவிட்டு, தன்னுடையதையும் பக்கத்தில் தொங்கவிட்டார்.

அன்று மாலை மாமாவுக்குப் போன் போட்டு, தென்கடல் எப்போது அடங்கும் என்று முதலில் கேட்டது அம்மாதான். தை, மாசியில் வரச் சொல்லியிருக்கிறார்.