ஓநாய்கள் செக்-இன் செய்யும் வாரம்

ஜூன் 24, 2025, செவ்வாய்

காலையில் குடும்ப வாட்ஸாப் குழுவில் டல்லாஸ் சித்தப்பா ஒரு காணொளி அனுப்பியிருந்தார். தங்களைப் பூனை என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளைகளுக்காக அமெரிக்கப் பள்ளிக் கழிவறைகளில் பூனை மணல் தட்டு வைக்கிறார்களாம். கூடவே அவருடைய குரல் செய்தி: "ஏம்மா, உங்க பிட்ஸ்பர்க்லதானே வருஷா வருஷம் இந்தக் கூட்டம் கூடுது? பிள்ளைகளைப் பாத்துக்கோ."

கூட்டம் இங்கேதான் கூடுகிறது. அடுத்த வாரம் ஆந்த்ரோகான், ஃபர்ரிகளின் மாநாடு. மனிதரைப் போல நடக்கும், பேசும் விலங்குக் கதாபாத்திரங்களின் ரசிகர்கள்தான் ஃபர்ரிகள், சிலர் அந்த விலங்காகவே உடை போட்டும் வருவார்கள். நான் வேலை பார்க்கும் ஓட்டலில் அந்த நாட்களுக்கு ஒரு அறைகூட மிச்சமில்லை. ஃபர்ரிகளை வருஷா வருஷம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று பார்க்கிறவள் என்ற உரிமையில் சித்தப்பாவுக்கு நீளமாகவே பதில் எழுதினேன்.

மணல் தட்டுக் கதை பரவிய வழி தெரிந்ததுதான். 2021 டிசம்பரில் மிச்சிகன் மாநிலம் மிட்லண்டில், பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதைப் புகாராகச் சொன்னார். அடுத்த மாதமே அந்த ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் துளியும் உண்மையில்லை என்று மறுத்தார். யார் கேட்டார்கள்? 2022 மார்ச்சில் நெப்ராஸ்கா சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அவையிலேயே இதைப் பேசிவிட்டு, அப்புறம் விசாரித்துப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். சித்தப்பாவின் டெக்சாஸில் இந்த வருஷம் இதைத் தடுக்கவென்று ஒரு மசோதாவே வந்தது. கொண்டுவந்தவர் தன் தொகுதிப் பள்ளி ஒன்றைக் காட்டினார், அந்தப் பள்ளி நிர்வாகம் மறுத்துவிட்டது. மசோதாவும் நிறைவேறவில்லை.

இதில் என்னால் மறக்க முடியாதது ஒன்று உண்டு. வகுப்பறையில் பூனை மணல் வைத்திருக்கும் பள்ளிகள் கொலராடோவில் இருக்கின்றன. ஜெஃபர்சன் கவுண்டி, 1999இல் துப்பாக்கிச் சூடு நடந்த கொலம்பைன் பள்ளி இருக்கும் அதே மாவட்டம். யாராவது துப்பாக்கியோடு பள்ளிக்குள் நுழைந்து, பிள்ளைகள் மணிக்கணக்காகக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க நேர்ந்தால், அவசரத்துக்கு ஒரு வாளி வேண்டுமே. அந்த வாளிக்குத்தான் மணல், 2017 முதல். இதைக் கேட்டு யாரும் குடும்பக் குழுவில் காணொளி அனுப்புவதில்லை.

சித்தப்பா ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன், "இவங்க நிஜமாவே தங்களை மிருகம்னு நினைக்கிறாங்களா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். இல்லை என்று சொன்னேன். ஃபர்ரிகளைப் பற்றிப் பல வருஷங்களாக ஆய்வு செய்யும் உளவியல், சமூகவியல் பேராசிரியர்களின் குழு ஒன்று உண்டு. 'ஃபர்சயின்ஸ்' என்ற பெயரில் முடிவுகளை வெளியிடுகிறார்கள். மிகப் பெரும்பாலானவர்கள் தங்களை முழு மனிதராகத்தான் கருதுகிறார்கள் என்பது அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. உள்ளுக்குள் தான் ஒரு விலங்கு என்று உணர்கிறவர்களைத் தேரியன் என்பார்கள். அது வேறு கூட்டம், கொஞ்சம் பேர் இரண்டிலும் இருக்கலாம்.

பையனுக்கு வேறு அறிவுரையும் சொன்னேன். வாலைப் பிடித்து இழுக்காதே. கேட்காமல் கட்டிப்பிடிக்காதே. முழு விலங்கு உடையில் வருகிறவருக்குப் பக்கவாட்டில் பார்வை கிடையாது, கதவைப் பிடித்துக்கொள்.

ஜூலை 2, புதன்

இன்றே பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு நடுவயதுக்காரர், கட்டம் போட்ட சட்டை, கையில் ஒரு பெரிய ஓவிய நோட்டு. கழுத்தில் தொங்கிய அட்டையில் கண்ணாடி போட்ட நீலநிற நீர்நாய். அறை தயாராகவில்லை, அதனால் மேசையருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

அந்த நீர்நாய்தான் அவருடைய ஃபர்சோனா, அதாவது அவருக்கென்று ஒரு விலங்குப் பாத்திரம். பெயர், நிறம், சுபாவம் எல்லாம் அவரே யோசித்து உருவாக்கியது. பல வருஷமாக அதே நீர்நாயைப் பல ஓவியர்களிடம் காசு கொடுத்து வரைந்து வாங்குகிறார். "உடை எங்கே?" என்று கேட்டேன். இல்லையாம். வாங்கும் எண்ணமும் இல்லையாம். நல்ல முழு உடை சில ஆயிரம் டாலர் ஆகும், செய்து தருகிறவர்களிடம் காத்திருப்புப் பட்டியல் வேறு. ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: ஃபர்சோனா ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு, முழு உடை வைத்திருப்பவர்கள் சிறுபான்மை. படம் பிடிக்கிறவர்கள் உடையைத்தான் பிடிப்பார்கள், அதனால் வெளியே இருப்பவர்களுக்கு உடைதான் ஃபர்ரி. உள்ளே போனால் மேசை மேசையாக வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

தொடக்கமே வரைகிறவர்கள்தானாம். 1980களில் அறிவியல் புனைகதை மாநாடுகளுக்கு வந்தவர்களில் சிலர், மனிதரைப் போல நடக்கும், பேசும் விலங்குகளின் படக்கதைகளில் ஆர்வம் கொண்டு ஓட்டல் அறைகளில் தனியாகக் கூட ஆரம்பித்தார்கள். 1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் முதல் தனி மாநாடு, பெயர் 'கான்ஃபரன்ஸ்' (ConFurence). வந்தவர்கள் 65 பேர். ஆந்த்ரோகான் 1997இல் ஆல்பனியில் ஆரம்பித்து, 2006இல் எங்கள் ஊருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. போன வருஷம் 17,000 பேருக்கு மேல்.

ஜூலை 4, வெள்ளி

எழுத நேரமில்லை. ஒரு டிராகன் தலைமுடி உலர்த்தி கேட்டது, கொடுத்தோம். வாணவேடிக்கை பார்க்க மாடிக்குப் போக லிஃப்டில் இடமில்லை, பாதி இடத்தை ஒரே ஒரு குதிரை அடைத்துக்கொண்டு நின்றது.

ஜூலை 5, சனி

இன்று எனக்கு மதியத்தோடு ஷிஃப்ட் முடிந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அத்தையை ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போனேன். மாநாட்டு மையத்துக்கு வெளியே தெருவை அடைத்துவிடுகிறார்கள். மாநாட்டுச் சீட்டு இல்லாத ஊர்க்காரர்களும் வந்து நின்று பார்க்கலாம்.

அத்தை கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, உள்ள இருக்கவங்களுக்கு வேக்காதா?"

நான் பார்த்தவரை இதைவிட உருப்படியான கேள்வியை எந்தப் பத்திரிகைக்காரரும் கேட்டதில்லை. வேர்க்கும், கொட்டித் தீர்க்கும். ஸ்பாஞ்ச் செதுக்கிச் செய்த தலை, அதன்மேல் ஒட்டிய செயற்கை ரோமம். கருவிழி வலைத்துணியில் வரைந்தது, அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். சிலர் தலைக்குள் குட்டி மின்விசிறி வைத்திருப்பார்கள். மாநாட்டுக்குள் தலையைக் கழற்றி உட்கார ஒரு தனி அறை உண்டு, பெரிய பெரிய விசிறிகளும் தண்ணீரும் இருக்கும், கேமராவுக்கு அனுமதி இல்லை. வெளியே வந்தால் கூடவே உடையில்லாத நண்பர் ஒருவர் வழிகாட்டிக்கொண்டு வருவார். வாய் வழியாக ஸ்ட்ரா நுழைத்துத்தான் குடிக்க முடியும்.

"நம்ம ஊர் புலியாட்டம் மாதிரிதான்" என்றார் அத்தை. எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. புலியாட்டத்தில் புலி ஊருக்குப் பொது, யார் வண்ணம் பூசினாலும் அவர் அன்றைக்குப் புலி. இங்கே ஒருவருடைய நரியை இன்னொருவர் போட்டுக்கொள்ள முடியாது. அந்த நரி வருஷம் முழுக்க, உடையே இல்லாதபோதும், அவருடையதுதான். அத்தையிடம் வாதாடவில்லை, அவர் ஒரு பச்சை ஓநாயிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 7, திங்கள்

அறைகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. நீர்நாய்க்காரர் கிளம்பும்போது, ரோஸ்மான்ட் சம்பவம் தெரியுமா என்று கேட்டார். சிகாகோ பக்கம். 2014 டிசம்பர், மிட்வெஸ்ட் ஃபர்ஃபெஸ்ட் என்ற ஃபர்ரி மாநாடு நடந்த ஓட்டலில் நள்ளிரவு தாண்டி யாரோ படிக்கட்டில் குளோரின் வாயுவைப் பரப்பிவிட்டார்கள். 19 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே நின்றார்கள். மறுநாள் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் இதை வாசிக்கும்போது, ஃபர்ரி என்றால் என்னவென்று புரிந்ததும் தொகுப்பாளர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்தே போய்விட்டார். வாயுவைப் பரப்பியதற்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. வேறு எந்த மாநாட்டில் விஷவாயு வந்திருந்தாலும் யாராவது சிரித்திருப்பார்களா?

இரவு சித்தப்பாவே போன் செய்தார். "எல்லாம் சரிம்மா. ஆனா அசிங்கமான விஷயமும் இருக்குன்னு சொல்றாங்களே?"

இருக்கிறது சித்தப்பா என்றேன். வயது வந்தவர்களுக்கான ஓவியங்களை வரைகிறவர்களும் வாங்குகிறவர்களும் இதில் உண்டு, மாநாட்டில் 18 வயது பார்த்துத்தான் அதைக் காட்ட வேண்டும். ஆனால் முழுக்க முழுக்க அதுதான் என்ற பேச்சுக்கு 2001இல் வந்த ஒரு பளபளப்புப் பத்திரிகைக் கட்டுரையும், 2003இல் சி.எஸ்.ஐ. என்ற அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் வந்த ஒரு பகுதியும் பெரிய காரணம். அதைப் பார்த்த பலருக்கு ஃபர்ரி பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். சினிமா ரசிகர்களிலும் அந்த மாதிரிப் படம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்காகத் தியேட்டருக்கே போகாமலா இருக்கிறோம்?

"அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். சித்தி சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டார். நாளைக்கு மறுபடி கேட்பேன்.