ஒரு லிட்டர் டர்போவும் ஜோஹன்னஸ்பர்க் உயரமும்

இங்கே தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் வீடுகளில் 1.4, 1.6 லிட்டர் சாதாரண பெட்ரோல் என்ஜின்கள் நின்ற இடத்தில் இப்போது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவின் விசையால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) என்ஜின்கள் நிற்கின்றன. கிழக்கு கேப் மாகாணத்தின் கரீகாவில் தயாராகும் ஃபோக்ஸ்வேகன் போலோ ஒரு பக்கம். சென்னையை ஒட்டிய தொழிற்சாலைகளிலிருந்து கப்பலேறி வரும் வென்யூ, ஐ20, மேக்னைட் போன்றவை இன்னொரு பக்கம். வார இறுதியில் கோயிலிலோ விருந்திலோ நான்கு பேர் சேர்ந்தால், அவர்களில் ஒரு தம்பியாவது என்னிடம் கேட்கும் கேள்வி, "அண்ணா, ஸ்டேஜ் ஒன் போடலாமா?" என்பதுதான். வண்டியில் எதையும் கழற்றாமல், என்ஜினை ஆளும் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றி, டர்போ அழுத்தத்தைக் கூட்டிக் கூடுதல் சக்தி எடுப்பதைத்தான் அவர்கள் ஸ்டேஜ் ஒன் என்கிறார்கள். கடலோர டர்பனில் ஓடும் வண்டிக்கு நான் சொல்லும் பதிலும் ஜோஹன்னஸ்பர்க்கில் ஓடும் வண்டிக்குச் சொல்லும் பதிலும் ஒன்றல்ல. அதற்கான காரணத்தை ஒருமுறை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில், இந்த என்ஜின்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எவ்வளவு சுமை தாங்குகின்றன என்று பார்ப்போம். போலோவின் 999 சிசி டிஎஸ்ஐ (அந்த நிறுவனத்தின் டர்போ பெட்ரோல்) என்ஜின் இங்கே 70 கிலோவாட், 175 நியூட்டன் மீட்டர் என்றும், 85 கிலோவாட், 200 நியூட்டன் மீட்டர் என்றும் இரண்டு அளவுகளில் விற்கப்பட்டது. டார்க்கையும் (நியூட்டன் மீட்டரில் அளக்கும் சுழற்றும் விசை) கொள்ளளவையும் வைத்து, பிஸ்டனைச் சராசரியாக எவ்வளவு அழுத்தம் தள்ளுகிறது என்று கணக்கிடலாம். 175 நியூட்டன் மீட்டருக்கு அது ஏறத்தாழ 22 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்); 200க்கு ஏறத்தாழ 25 பார். டர்போ இல்லாத சாதாரண கார் என்ஜினில் இதே கணக்கு 11 அல்லது 12 பாருக்கு அருகில்தான் நிற்கும். ஆக, வாங்கும் நாளிலேயே இந்தச் சிறு என்ஜின் பழைய என்ஜினைப் போல இரண்டு மடங்கு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஜ் ஒன் போடும் டியூனிங் பட்டறைகள் வழக்கமாகச் சொல்லும் 230 நியூட்டன் மீட்டருக்குப் போனால் அது 29 பாரைத் தொடும். தயாரிப்பாளர்கள் இதற்காகவே உறுதியான கிராங்க், பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சும் குழாய், தலைப்பகுதியோடு ஒன்றாக வார்க்கப்பட்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் என்று நிறைய உழைத்திருக்கிறார்கள் என்பதால், சிறிய என்ஜின் என்றாலே பலவீனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த உழைப்பு முழுவதும் குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள்தான் செல்லுபடியாகும், ஜோஹன்னஸ்பர்க்கில் நாம் அந்த எல்லைக்கு ஏற்கெனவே நெருக்கமாக வாழ்கிறோம்.

ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பன் கடற்கரையில் 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும் காற்றழுத்தம் இங்கே 83க்கு இறங்கிவிடுகிறது. டர்போ இல்லாத வண்டி இதனால் ஆறில் ஒரு பங்குச் சக்தியை இழக்கும்; ஏற்றத்தில் அது மூச்சு வாங்குவதை நாம் எல்லோரும் அறிவோம். டர்போ வண்டி அப்படி இழப்பதில்லை என்பதுதான் அதன் பெருமை. இழக்காமல் இருப்பதற்கு அது கொடுக்கும் விலையைத்தான் யாரும் பேசுவதில்லை.

கணினி, சிலிண்டருக்குள் போகும் காற்றுக்கு, வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்த்து, 1.6 பார் முழு அழுத்தம் வேண்டும் என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். டர்பனில் டர்போ, உள்ளே வரும் காற்றை ஏறத்தாழ 1.6 மடங்கு அழுத்தினால் போதும். ஜோஹன்னஸ்பர்க்கில் அதே 1.6 பாரை எட்ட 1.9 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, அழுத்தக் கூடக் கூடக் காற்று சூடாகும். 25 டிகிரி வெளிவெப்பம், டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டால், டர்பனில் டர்போவை விட்டு வெளிவரும் காற்று 86 டிகிரி அளவிலும் ஜோஹன்னஸ்பர்க்கில் 113 டிகிரி அளவிலும் இருக்கும். மென்பொருளில் ஒரு எழுத்தையும் மாற்றாத வண்டியிலேயே இந்த 27 டிகிரி வேறுபாடு வந்துவிடுகிறது. அதைத் தணிக்க வேண்டிய இன்டர்கூலருக்கும் அடர்த்தி குறைந்த இதே காற்றுதான் கிடைக்கிறது. மேலும், வெளியே அழுத்தம் குறைவாக இருப்பதால் டர்போவைச் சுழற்றும் டர்பைன் சக்கரம் கூடுதல் எளிதாக வேகமெடுக்கும். நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுக்கு மேல் சுழலும் சிறிய டர்போக்கள் இவை. அந்த வேகத்தில் எல்லை தாண்டினால் பேரிங்கும் சக்கரமும் தாங்காது. இதனால் தொழிற்சாலை மென்பொருளில் உயரத்துக்கு ஏற்ப அழுத்த விகிதத்தைக் கட்டுப்படுத்தும் அட்டவணைகள் உண்டு. மலிவான டியூனிங் கோப்புகளில் முதலில் தளர்த்தப்படுவதும் அந்த அட்டவணைகள்தான்.

பெட்ரோலும் இதில் சேர்கிறது. கடலோரத்தில் 95 ஆக்டேன் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் தானாகப் பற்றாமல் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோல் கிடைக்கிறது. உள்நாட்டில் 93, 95 இரண்டும் உண்டு. மேட்டுநிலத்தில் 93 போதும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் பேச்சு. டர்போ இல்லாத வண்டிக்கு அது சரியே, ஏனெனில் சிலிண்டருக்குள் காற்று குறைவாகவே போகிறது. டர்போ வண்டியோ உயரத்தை ஈடுகட்டிச் சிலிண்டரை நிரப்பிவிடுகிறது, அதுவும் கூடுதல் சூடான காற்றால். ஆகவே அதற்கு உயரத்தால் கிடைக்கும் ஆக்டேன் சலுகை ஏதும் இல்லை. லிட்டருக்குச் சில சென்ட் மிச்சம் பிடிப்பதற்காக டர்போ வண்டியில் 93 போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பாவில் 98 ஆக்டேனுக்கு எழுதப்பட்ட டியூனிங் கோப்பை அப்படியே கொண்டுவந்து இங்கே ஏற்றுவது இதைவிடத் தவறு.

இனி உண்மையில் என்ன உடைகிறது என்பதற்கு வருகிறேன். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு நான் டர்பன் போயிருந்தபோது ஒரு பிஸ்டனைத் துடைத்து என் கையில் கொடுத்தார். டியூன் செய்யப்பட்டு ஜோஹன்னஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே அடிக்கடி ஓடிய வண்டி அது. பிஸ்டனின் மேற்பரப்பு கறைகூட இல்லாமல் ஒழுங்காக இருந்தது. முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடையே உள்ள மெல்லிய வரப்பு மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயர்ந்து போயிருந்தது. உடைந்த விளிம்பு, பீங்கானை உடைத்ததுபோல் கூர்மையாக, சொரசொரப்பாக இருந்தது. அதே சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பியபோது, வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போலப் புள்ளிகள். அவற்றில் சில அலுமினியத்தின் மினுமினுப்போடு இருந்தன. "உருகவில்லை அண்ணா, உடைந்திருக்கிறது," என்றார் அவர். உருகியிருந்தால் பெட்ரோல் போதாமல் நெடுநேரம் சூடேறிய கதை. உடைந்திருந்தால் ஓரிரு நொடிகளில் விழுந்த அடி.

அந்த அடிக்குப் பெயர் குறைந்த வேக முன்பற்றல். நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்றுக்குக் கீழே, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தியிருக்கும்போது, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையேயுள்ள இடுக்கில் சேர்ந்த ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி ஒன்று தெறித்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கையில் எரிதல் தொடங்கிவிடுவதால் அழுத்தம் வழக்கத்தைவிடப் பல மடங்கு எகிறுகிறது. என்ஜின் தட்டும் ஓசையை உணரும் நாக் சென்சார் கேட்டுப் பொறியைத் தாமதப்படுத்துவதற்குள் காரியம் முடிந்துவிடும். பொறியே காரணமல்லாத நிகழ்வில் பொறியைத் தாமதப்படுத்தி என்ன பயன்? ஆயிலில் கால்சியம் சார்ந்த கழுவும் பொருள் மிகுதியாக இருந்தால் இது கூடுகிறது என்றும், அதில் ஒரு பகுதியை மக்னீசியத்துக்கு மாற்றினால் குறைகிறது என்றும் ஆய்வுகளில் தெரியவந்த பிறகுதான் 2018இல் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் எஸ்என் பிளஸ் ஆயில் தரமும் 2020 மே மாதத்தில் எஸ்பி தரமும் வந்தன. டப்பாவின் பின்பக்கம் எஸ்பி என்று அச்சிட்டிருக்கிறதா, உங்கள் தயாரிப்பாளரின் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்து வாங்குவது, எந்த அலங்கார ஃபில்டரையும்விட உங்கள் என்ஜினுக்குச் செய்யும் பெரிய நன்மை.

டர்பனையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைக்கும் N3 நெடுஞ்சாலையில் குடும்பத்தோடும் பெட்டிகளோடும் ஏசி போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் இந்த நிலையைத் தாமாகவே உருவாக்கிக்கொள்கிறார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டிய டவுன் ஹில் ஏற்றத்திலும், பின்னர் வான் ரீனன் கணவாயிலும், லாரிகளின் பின்னே வேகம் குறைந்து, இடம் கிடைத்ததும் அதே உயர் கியரில் 1,600 சுற்றிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துவது எல்லோரும் செய்வது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் மைலேஜுக்காக உயர் கியரையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் கையால் ஒரு கியர் குறைத்து 3,000 சுற்றுக்கு மேல் வைத்து ஏறுங்கள். சத்தம் கொஞ்சம் கூடும், பெட்ரோலும் சிறிது கூடும், பிஸ்டன் பிழைக்கும்.

டியூனிங் பட்டறைகள் பெரும்பாலும் எங்கே டார்க்கைக் கூட்டுகின்றன என்று பாருங்கள்: 1,700 முதல் 2,500 சுற்று வரை. சோதனை ஓட்டத்தில் முதுகை இருக்கையோடு அழுத்துவது அந்த இடம்தான், வாடிக்கையாளர் மகிழ்வதும் அங்கேதான். முன்பற்றல் நிகழும் இடமும் அதுவே. சரி, கீழே விட்டுவிட்டு மேலே, 5,000 சுற்றில் கூட்டலாமே என்றால், அங்கே ஜோஹன்னஸ்பர்க் டர்போ ஏற்கெனவே வேக எல்லையிலும் எக்ஸாஸ்ட் வெப்ப எல்லையிலும் நிற்கிறது. கடலோரத்தில் இந்த மேல்பகுதியில் உண்மையிலேயே இடம் இருக்கிறது, அதனால்தான் டர்பன் வண்டிக்கு, நல்ல கையால், அளவாகச் செய்யும் டியூனிங்கை நான் மறுப்பதில்லை. மேட்டுநிலத்தில் இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது.

டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) தாளைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அந்தத் தாளையும் கவனமாகப் படிக்க வேண்டும். உயரத்தில் அளக்கும்போது, கடல்மட்டத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று காட்ட, டைனோ மென்பொருள் அளவை 1.22 அளவிலான ஒரு திருத்த எண்ணால் பெருக்கும். டர்போ இல்லாத என்ஜினுக்கு அது நியாயம். உயரத்தைத் தானே ஈடுகட்டிவிட்ட டர்போ என்ஜினுக்கும் அதே எண்ணால் பெருக்கினால், உண்மையில் 80 கிலோவாட் எடுத்த வண்டி தாளில் ஏறத்தாழ 98 என்று வரும். வேறு ஒன்றும் செய்யாமலே 18 கிலோவாட். கடலோர நண்பரின் தாளோடு இந்தத் தாளை ஒப்பிட்டு வருந்துவதிலோ பெருமைப்படுவதிலோ பொருளில்லை.

என்ஜினோடு கதை முடிவதில்லை. போலோவில் வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரைதான் வடிவமைக்கப்பட்டது. 230இல் நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் சூடேறிய நாளில் வாசலைத் தாண்டுகிறீர்கள். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இதைவிட முக்கியமானது. 2017 ஜனவரியில் இந்நாட்டில் ஃபோர்ட் 4,556 கூகா 1.6 ஈகோபூஸ்ட் வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் கூலன்ட் சுழற்சி குறைந்து என்ஜின் அதிகம் சூடாகி, சிலிண்டர் தலையில் விரிசல் விட்டு ஆயில் கசிந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. சிறு டர்போ என்ஜினில் கூலன்ட் அளவு சற்றே இறங்கியிருந்தாலும் மேலே ஊற்றிவிட்டுப் போகாமல், எங்கே போகிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். அதே நிறுவனத்தின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்டின் முந்தைய வடிவங்களில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான ஆயிலாலோ தாமதமான மாற்றத்தாலோ அது உதிரத் தொடங்கினால், துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து, டர்போவும் பேரிங்குகளும் பட்டினியால் சாகும். பழைய வண்டியாக வாங்குகிறவர்கள் பெல்ட் மாற்றிய ரசீதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது. என் சொந்த வண்டிக்குக் கையேடு சொல்லும் 15,000 கிலோமீட்டர் இடைவெளியைப் பாதியாக்கி ஆயில் மாற்றுகிறேன். பள்ளி, கடை என்று குறுந்தூரம் ஓடும், பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இஞ்செக்‌ஷன் என்ஜினில் பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துவிடும் என்பதே காரணம்.

2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள போட்டி ஆணையத்தின் (வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் தென்னாப்பிரிக்க அமைப்பு) வழிகாட்டுதல்களால் வாரண்டிக் காலத்திலும் வெளிப்பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ளலாம். அது சர்வீஸுக்கான உரிமை. மென்பொருளை மாற்றியதால் வந்த சேதத்துக்கு அது கேடயமாகாது. காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்துக் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தே தீருவேன் என்கிற தம்பிகளுக்கு: ஜோஹன்னஸ்பர்க்கில், 95 ஆக்டேனில், வெயில் நாளில், சாலையில் ஓட்டி எடுத்த கணினிப் பதிவைப் பட்டறையிடம் கேளுங்கள். அதில் டர்போ அழுத்தம், உள்வரும் காற்றின் வெப்பம், ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி எத்தனை டிகிரி பின்வாங்கியது என்ற விவரம் மூன்றும் இருக்க வேண்டும். முழு அழுத்தத்தில் ஏதாவது ஒரு சிலிண்டர் மட்டும் மீண்டும் மீண்டும் பின்வாங்கியிருந்தால் டியூனிங் கோப்பில் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். டைனோ தாளை மட்டும் நீட்டி, அந்தப் பதிவைத் தர மறுக்கும் இடத்தில் சாவியைக் கொடுக்க வேண்டாம்.